தொப்புள்கொடியில் ஒரு வளையம்

ஆய்வுக்கூடத்தில் அவளை வளையல்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஒரு பழைய கடிகாரத்தைத் தவிர அவள் எதையும் மாட்டிக்கொண்டதில்லை. அவளுடைய வளையம் வேறு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை நீளவாக்கில் கீறி, வழுக்கிக்கொண்டு ஓடும் கூழை வழித்துப் போட்டு, உள்ளே முறுக்கிக் கிடக்கும் ரத்தக்குழாயை உருவி எடுத்து, அதைச் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்குவது அவள் வேலை. கத்திரி கொஞ்சம் அழுந்தினால் போதும், குழாயின் உள்பக்கம் உரிந்துபோய் வளையம் வீணாகிவிடும். அவள் கை அழுந்தாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். முதலில் கேலிக்கு வைத்தது, பிறகு மரியாதைக்கு நின்றுவிட்டது.

நறுக்கிய வளையத்தை மெல்லிய கம்பிக் கொக்கிகள் இரண்டுக்கு நடுவே மாட்டி, உப்புக்கரைசல் நிறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிடுவாள். கரைசல் உடம்புச் சூட்டில் இருக்கும். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டே வரும். வளையம் இறுகினால் கம்பி இழுபடும், கணினித் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். தளர்ந்தால் கோடு இறங்கும். அவ்வளவுதான். முதலில் ஒரு மருந்தைச் சொட்டு விட்டு வளையத்தை இறுகச் செய்வார்கள். பிறகு இலைச்சாற்றை விட்டுப் பார்ப்பார்கள்.

அந்த இலைதான் ஆய்வுக்கூடத்தை நடத்தும் சாருக்கு உயிர். வேலியோரம் தானாக முளைக்கிற, ஆடுகூட வாய் வைக்காத ஒரு செடி. அதன் சாறு இறுகிய ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்று கண்டுபிடித்து, அதில் எந்தச் சத்து அதைச் செய்கிறது என்று தேடித் தேடியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறித் தவிக்கும் பெண்களுக்கு என்றாவது ஒருநாள் உதவும் என்பது அவர் கனவு. தொப்புள்கொடியைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான்.

"இதுக்கு நரம்பே கிடையாதும்மா," என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சார் சொன்னார். "மூளை போட்ட உத்தரவுக்கு இது அசையாது. ரத்தத்துல என்ன வருதோ அதுக்குத்தான் இறுகும், அதுக்குத்தான் தளரும். பொய் சொல்லத் தெரியாத குழாய்."

இரண்டு தெரு தள்ளி இருந்த பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்துதான் கொடிகள் வரும். சம்மதித்த தாய்மார்களுடையதை மட்டும் பெரிய சிஸ்டர் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ஃபோன் போடுவார். வளையல்காரி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய் வாங்கி வருவாள். "இன்னைக்கு ரெட்டைப் புள்ளை, உனக்கு விருந்துதான்" என்பார் சிஸ்டர்.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியறையில். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் இருட்டுச் சுரங்கத்தில் கம்பி பிடித்துத் தொங்குகிற வேலை. வீட்டுக்கு வந்தால் தரையில் மல்லாந்து படுத்து, "ஆடாத இடத்துல படுக்குறதே ஒரு சுகம்" என்பான். அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். வயதில் இவளைவிடச் சின்னவள்தான். ஆனாலும் அண்ணி அண்ணிதான் என்று இவள் 'நீங்க, வாங்க' போட்டுத்தான் பேசுவாள். வருஷக்கணக்காகப் பிள்ளை தங்காமல் இருந்து, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிற்று.

ராத்திரிச் சாப்பாடு மூவருக்கும் கீழேதான். அங்கே உட்கார்ந்துதான் வளையல்காரி தன் வேலைக் கதைகளை அவிழ்த்து விடுவாள்.

"எங்க புள்ளையோட கொடி உனக்குத்தான்," என்றாள் அண்ணி ஒருநாள். "ஊரார் கொடிக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிட்டு அலையுறியே, அத்தைக்காரிக்கு இல்லாததா?"

"சோறு தின்னுற நேரத்துல பேசுற பேச்சைப் பாரு ரெண்டு பேரும்," என்று அண்ணன் முகத்தைச் சுளித்தான். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

ஆறாம் மாதம் அண்ணிக்கு அழுத்தம் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, கண்ணாடி தேய்க்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அண்ணி முனகினாள். அப்படியொரு நாளில்தான் அண்ணன் கேட்டான்.

"பாப்பா, உங்க இலை நெஜமாவே ரத்தக்குழாயை விரிக்குதா?"

தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டாலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அன்று பகலில் திரையில் கோடு அழகாக, வழுக்குப் பாறையில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் அவள் வாயில் இருந்தது.

"விரிக்குதாவா? மூடின கையைத் தொறக்குற மாதிரி தொறக்குதுண்ணா. பாத்தா நீயே அசந்துடுவே."

கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது வேறு, வயிற்றுக்குள் போய் நடப்பது வேறு என்று அடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாளா என்பதுகூடப் பின்னால் அவளுக்கு நினைவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, அண்ணி எழுந்தாள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, கடையில் உட்கார்ந்திருந்த அண்ணிக்குத் தலை பிளந்தது. கண் முன்னால் ஒளி நெளிநெளியாக ஓடுகிறது என்று சொன்னாளாம். கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒன்றுக்கு மூன்று முறை துடைத்துப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். வந்து சேர்ந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாகவே கேட்டது. வளையல்காரியே காதால் கேட்டாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திடீரென்று வயிறு கல்லாக இறுகி, ரத்தம் போக ஆரம்பித்தது. அழுத்தம் தாங்காமல் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்றார்கள். பெண் குழந்தை. அழவில்லை.

பெரிய சிஸ்டர் வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். தங்கை பக்கத்தில் குந்தினாள். தொட்டால் உடைந்துவிடுவானோ என்று பயந்து தொடவில்லை.

அவனே பேச்செடுத்தான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுண்ணா."

"உங்க இலை... அதால ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

அவள் சட்டென்று திரும்பினாள். "எந்த இலை? யாருக்குக் குடுத்தே?"

"மாத்திரை ஒத்துக்கலைன்னு தெனம் அழுதா. நீ சொன்னியே, கை தொறக்குற மாதிரின்னு. நாட்டுமருந்துக் கடையில அதே இலைப்பொடி டப்பா இருந்துச்சு. காலையிலயும் சாயங்காலமும் வெந்நீர்ல கலந்து குடுத்தேன். உன்கிட்ட சொன்னா நீ திட்டுவியோன்னு நாங்கதான் சொல்லல. நல்ல இலைதானே பாப்பா? நீதானே சொன்னே?"

அவன் அண்ணியின் துணிப்பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து நீட்டினான். வீட்டிலிருந்து மாற்றுத்துணி எடுத்துவந்த அவசரத்திலும் வேளை தவறக்கூடாது என்று அதையும் எடுத்து வைத்திருக்கிறான். பச்சை நிற டப்பா. சாருடைய இலையின் படம் அதன்மேல் அச்சு அசலாக இருந்தது.

உள்ளே அண்ணி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டாள், துணி சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இவள் பக்கத்தில் போய் நின்றதும் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"கொடியை எடுத்துக்கோ."

"வேணாம் அண்ணி. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு..."

"தரேன்னு சொன்னேன்ல. சொன்னா சொன்னதுதான். இல்லாட்டி இவங்க குப்பையில போட்டுடுவாங்க."

பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கேக்கவே இல்லம்மா. அவங்களாத்தான் சொன்னாங்க" என்று ஐஸ் பெட்டியை அவள் கையில் வைத்தார். அன்றைக்குக் கேலி எதுவும் இல்லை.

நூறு முறை நடந்த தெருதான். அன்று பெட்டி கனத்தது. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பச்சை டப்பா. ஆய்வுக்கூடத்தில் சார் மட்டும் இருந்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"எதுக்கும்மா வந்தே? வீட்டுக்குப் போ."

"கை சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும் சார்." டப்பாவை மேசைமேல் வைத்தாள். "எங்க அண்ணி இதைக் குடிச்சிருக்காங்க. நம்ம இலைன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

சார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு, எந்நாளும் செய்யாத வேலையாக, அவரே கரைசலைச் சூடேற்றி, குழாய்களில் நிரப்பி, ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்.

அவள் கொடியைத் தட்டில் வைத்துக் கீறினாள். கத்திரி அன்றும் அழுந்தவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. மனசு இவ்வளவு ஆடும்போது கை எப்படி ஆடாமல் இருக்கிறது? வளையங்களை நறுக்கி மாட்டினாள். கொடியின் சொந்தக்காரி பிணவறையில் இருக்க, அவள் உடம்பின் ஒரு துண்டு உயிரோடு இருக்குமா என்று தெரியாமல், இறுக்கும் மருந்தைச் சொட்டு விட்டாள்.

கோடு ஏறியது.

இருந்தது. உயிர் இருந்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வளையத்துக்குச் சாருடைய இலைச்சாற்றை விட்டாள். எப்போதும்போல் கோடு இறங்கியது. நிதானமாக, யாரையும் நோகடிக்காமல். இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர், கோடு நகரவில்லை. மூன்றாவதை மருந்து எதுவும் கொடுக்காமல் சும்மா தொங்கவிட்டிருந்தாள். அதற்கு டப்பாப் பொடியைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரை விட்டாள். இறுக வேண்டிய காரணம் எதுவுமே இல்லாத அந்த வளையம் தானாக இறுக ஆரம்பித்தது. கோடு ஏறிக்கொண்டே போயிற்று. கரைசலை வடித்துவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றினாள். வழக்கமாக அப்படிக் கழுவினால் எந்த வளையமும் பழைய நிலைக்கு வந்துவிடும். இது வரவில்லை. மறுபடியும் கழுவினாள். சார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் கோடு உச்சியிலேயே நின்றது.

"ஒரு கொடியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றார் சார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அடுத்து வந்த நாட்களில் வேறு தாய்மார்களின் கொடிகளில் பார்த்தார்கள். அதேதான். பொடியைப் பிரித்துப் பார்க்க வேதியியல் பிரிவுக்கு அனுப்பினார் சார். பதில் வந்தது. அதில் இந்த இலை பெயருக்குக்கூட இல்லை. ஏதோ ஒரு வேரை அரைத்து, பச்சை நிறம் வருவதற்கு என்னவோ தழையைக் கலந்திருக்கிறார்கள். இறுக்குகிற சத்து அந்த வேரில் இருந்தது.

"இருந்தாலும் குழாய்ல நடந்ததெல்லாம் உடம்புலயும் நடந்திருக்கும்னு சொல்லிட முடியாது. அது உனக்கே தெரியும்," என்றார் சார்.

"தெரியும் சார். அதை வீட்டுலதான் சொல்லாம விட்டுட்டேன்."

வீட்டில் பேச்சு செத்துப்போயிருந்தது. அண்ணன் விடிந்ததும் போய் இருட்டியதும் வந்தான். தங்கையைக் கூப்பிட வேண்டியிருந்தால் "இங்க பாரு" என்றான். பாப்பா என்ற சொல் அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை. யாரும் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. நாக்கே அதைத் தவிர்த்துக்கொண்டது.

அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லை என்பது மார்புக்குத் தெரியவில்லை. வளையல்காரி அரை நாள் விடுப்புப் போட்டு, ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"எடுத்துட்டுப் போனியே," என்றாள் திடீரென்று. "என்ன பண்ணினே?"

"நறுக்கி மாட்டினேன் அண்ணி. எப்பவும் பண்ற மாதிரிதான்."

"அதுல உசிரு இருந்துச்சா?"

வளையல்காரி துணியைப் பிழிந்தாள். பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தாள். "இருந்துச்சு. சாயங்காலம் வெளக்குப் போடுற வரைக்கும் இருந்துச்சு."

"அசைஞ்சுதா?"

"இறுகுச்சு. அப்புறம் எங்க இலைச்சாறு விட்டதும் மெல்லத் தளர்ந்துச்சு." மூன்றாவது வளையத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப அவ முழுசா மதியமே போயிடல," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். வீடு அதிர அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, இவள் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, கிசுகிசுவென்று சொன்னாள்.

"நான்தான் கொன்னுட்டேன். மாத்திரையை நிறுத்திட்டேன். பொடி குடிக்கிறோமே, அது போதும்னு நெனைச்சுட்டேன். தெனம் ஒரு மாத்திரையா எடுத்து ஜன்னல் வழியா வீசிட்டேன். உங்க அண்ணனுக்குத் தெரியாது. ரெண்டையும் சேத்துத்தான் குடிக்கிறேன்னு நம்பிட்டிருந்தார். அவர்கிட்ட சொல்லிடாத."

அன்றிலிருந்து வளையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. பொடியைப் பற்றிச் சொன்னால் அண்ணியின் பாரம் பாதி குறையும், ஆனால் அண்ணன் நொறுங்குவான். மாத்திரையைப் பற்றிச் சொன்னால் அண்ணன் தப்பிப்பான், அண்ணி அழிவாள். இரண்டும் தன் மடியில் கிடக்க, அவள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எதையும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தாள். அந்த நாட்டுமருந்துக் கடைக்குள் கால் வைக்காமல் இருந்திருந்தால் அப்படியே இருந்திருப்பாள்.

ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை முடிந்து வரும் வழியில் கால் தானாகத் திரும்பியது. பச்சை டப்பாக்கள் கண்ணெதிரே வரிசையாக அடுக்கியிருந்தன. வயிறு தள்ளிய ஒரு பெண்ணும் அவள் கணவனும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை வாங்காதீங்க," என்றாள் வளையல்காரி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

கணவன் திரும்பிப் பார்த்தான். "ஏங்க? பிரஷருக்கு நல்லதாமே. ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிருக்காங்கன்னு இதுல போட்டிருக்கு, பாருங்க."

"அந்த ஆராய்ச்சி நான்தாங்க," என்றாள் அவள். "அதைப் பண்றது நான்தான். இதுக்குள்ள அந்த இலை இல்ல. சத்தியமா இல்ல. உங்களுக்குப் பிரஷர் இருந்தா மாத்திரையைப் போடுங்க, தலை சுத்தினா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக் கேளுங்க."

கடைக்காரர் எழுந்து வந்தார். "யாரும்மா நீ? வியாபாரத்தைக் கெடுக்கத்தான் வந்தியா? பேக் பண்ணி வர்றதை நான் விக்கிறேன், அவ்வளவுதான். வெளிய போ."

அந்தப் பெண் டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள். கணவன் இவளை ஏற இறங்கப் பார்த்தான், பைத்தியமோ என்பதுபோல. இருவரும் போய்விட்டார்கள். வேறு கடையில் வாங்கினார்களோ என்னவோ.

மறுநாள் சார் புகார் கொடுக்கலாம் என்றார். அவர் பெயரும் அந்த டப்பாவில் மறைமுகமாக ஏறியிருக்கிறதே என்ற வேதனை அவருக்கு. "ஆனா டப்பா எங்கேர்ந்து வந்துச்சு, யார் குடிச்சாங்க, என்ன ஆச்சுன்னு கேப்பாங்கம்மா. உங்க வீட்டுல கேட்டுட்டு வா. அவங்க வேணாம்னா விட்டுடலாம்."

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கொடியில் என்ன பார்த்தாள், மற்றக் கொடிகளில் என்ன பார்த்தாள், பொடிக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை, எல்லாவற்றையும் சொன்னாள். குழாயில் நடந்ததுதான் உடம்பிலும் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். அந்த வாக்கியம் இப்போது எந்த உபயோகமும் இல்லாமல் மேசைமேல் கிடந்தது.

அண்ணன் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "இறுகுச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"ம்."

"கழுவியும் விடலையா?"

"விடல."

"என் கையால கலக்கிக் குடுத்தேன்," என்றான். "வேணாம், கசக்குதுன்னு சொல்லுவா. புள்ளைக்காகக் குடின்னு கெஞ்சிக் கெஞ்சிக் குடுத்தேன்." அவன் முகத்தில் அழுகை வரவில்லை. பேயறைந்தவன்போல் இருந்தான். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், இன்றைக்குச் சொன்னதையா, அன்றைக்குச் சொன்னதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

அப்போது அண்ணி பேசினாள். "அவளைச் சொல்லாதீங்க. உங்களையும் சொல்லிக்காதீங்க. பொடி குடிக்க ஆரம்பிச்சதும் மாத்திரையை நான் போடவே இல்ல. வீசிட்டேன்." அவள் குரலில் நடுக்கம் இல்லை, கணவன் ஒருவனாகச் சுமப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தன் பங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தவள்போல் இருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். சற்றுப் பொறுத்து அண்ணியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு வழியாக இரண்டு முதுகும் தெரிந்தன. வளையல்காரி மூன்று தட்டையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, பின்கட்டுப் படி வழியாக மாடிக்குப் போனாள்.

புகார் கொடுத்தார்கள். அண்ணன் வந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அதிகாரிகள் கடையில் இருந்த டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வேறு பெயரில், மஞ்சள் நிறத்தில், அதே இலைப் படத்தோடு இன்னொரு டப்பா வந்தது. அதற்கும் சார் புகார் எழுதினார். பெரிய சிஸ்டர் மட்டும், வார்டுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், மாத்திரையைத் தவிர வேறென்ன குடிக்கிறீர்கள் என்று தோண்டித் துருவிக் கேட்க ஆரம்பித்தார். ஒன்றும் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள் என்றார். அண்ணியும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். சாமான் ஏற்றிய வண்டி புறப்படும்போது தங்கையைத் தனியே கூப்பிட்டான்.

"நீ பண்ணினது சரிதான். தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் தெரியுது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அண்ணி மட்டும் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கொடிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இலைச்சாற்றுக்குக் கோடு இன்றும் அழகாகத்தான் இறங்குகிறது. முன்போல் அதைப் பார்த்து யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. வெளியாட்கள் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வேலை என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி ஃபோன் செய்கிறாள். புதுக் கடையில் வேலை கிடைத்ததை, குழாயில் தண்ணீர் சரியாக வராததை, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைச் சொல்கிறாள். பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்கும். யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கும். பேச்சு முடியும்போது அண்ணி தவறாமல் சொல்வாள்:

"உங்க அண்ணன் உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னாரு."

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை என்பது இவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அண்ணிக்கும் தெரிந்திருக்கும்.

"நானும் கேட்டதா சொல்லுங்க அண்ணி," என்பாள்.

"சொல்றேன்," என்பாள் அண்ணி.